நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கும் கொஞ்சம் போடலாமா?

கேள்வி இதுதான்: வீட்டில் நாயும் இருக்கிறது, பூனையும் இருக்கிறது, நாய்க்குப் போட்டது போக மருந்து மிச்சம், பூனைக்குச் சின்ன உடம்புதானே, கழுத்தில் இரண்டு சொட்டு மட்டும் விட்டால் என்ன?

வேண்டாம். தயவுசெய்து ஒரு சொட்டுகூட வேண்டாம். ஏற்கெனவே விட்டாயிற்று என்றால், பூனை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும், பாத்திரம் கழுவும் சோப் திரவம் கொஞ்சம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை நன்றாகக் கழுவி, துடைத்து, அது உடம்பை நக்காதபடி துண்டில் சுற்றிக்கொண்டு, மருந்துப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். மீதியைப் போகிற வழியில் படிக்கலாம்.

அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலையைச் செய்யும் நொதிகள் மிகக் குறைவு, அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. இந்தக் குறைபாட்டால்தான் பாரசிட்டமாலும் பூனைக்கு விஷம், அதனால் காய்ச்சல் என்று நினைத்து அரை மாத்திரை கொடுக்கிறவர்களும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். கணக்காகவே பார்ப்போம். 45 சதவீதம் பெர்மெத்ரின் உள்ள மருந்தில் ஒரு மில்லி என்றால் 450 மில்லிகிராம். நம் ஊர்ப் பூனை மூன்று கிலோ இருந்தால் கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 100 போனாலே உயிருக்கு ஆபத்து, அதைவிடக் குறைவாகப் பட்டும் நடுக்கம் கண்ட பூனைகள் உண்டு.

பெட்டியில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள், கடைக்காரர் சொல்வதையும் நம்பாதீர்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'மெத்ரின்' என்று முடிகிற எதைப் பார்த்தாலும் பூனைக்கு வேண்டாம். அமிட்ராஸ் என்று இருந்தாலும் வேண்டாம், அது வேறு வகை, ஆனால் பூனைக்கு அதுவும் ஆகாது. ஃபிப்ரோனில் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது பூனைக்கும் உள்ள மருந்துதானே என்று வாங்கிவிடுவார்கள், ஆனால் நாய்களுக்கான சில வகைகளில் ஃபிப்ரோனிலோடு பெர்மெத்ரினையும் சேர்த்திருப்பார்கள், இதில்தான் விஷயம் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய், பூனை எல்லாவற்றையும் குளிப்பாட்டும் பழக்கம் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளில் இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் இதே வகை மருந்துதான். மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான சிரங்கு க்ரீம் பலவற்றில் இருப்பதும் பெர்மெத்ரின்தான், பூனைக்குச் சொறி என்று அதைத் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா ஒருநாள் சாயங்காலம் கடையில் கேட்டு நாய் மருந்தை வாங்கிவந்து பூனையின் பிடரியில் விட்டிருக்கிறார். கடையில் "பூனைக்கும் இதுவே போதும்மா, பாதி விடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வந்து, "தம்பி, இது காதை வெடுக்கு வெடுக்குனு ஆட்டிக்கிட்டே இருக்கு, கூப்பிட்டா வரமாட்டேங்குது, வந்து பாரேன்" என்றார். போய்ப் பார்த்தால் காது மட்டும் இல்லை, முதுகுத் தோல் அலை அலையாகச் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குகிறது, முன்னங்காலை ஈரத்தில் வைத்ததுபோல உதறுகிறது, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்குகிறது, கண்ணின் கருமணி அகலமாக விரிந்திருக்கிறது. கையை வைத்தால் விரலுக்கடியில் தசை விடாமல் துடிக்கிறது. அதற்குள் கூடிவிட்டவர்கள், பால் ஊற்று, நல்லெண்ணெய் கொடு, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா நல்லவேளையாக எதையும் கொடுக்கவில்லை, நடுங்கும் பூனையின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். கழுவினோம், வண்டியை எடுத்தோம். அந்த நேரத்தில் உள்ளூரில் யாரும் போனை எடுக்கவில்லை, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவர் வரச் சொன்னார். நடுக்கம் முழுதாக அடங்க இரண்டு நாளுக்கு மேல் ஆனது. பிழைத்துவிட்டது. எல்லாப் பூனைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

அறிகுறி உடனே தெரியும் என்றும் இல்லை. சில மணி நேரத்தில் வரலாம், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள், அரிதாக மூன்று நாள்கூடத் தள்ளி வரலாம். தள்ளாட்டம், நடுக்கம், அப்புறம் வலிப்பு. விடாமல் நடுங்கினால் உடம்புச் சூடும் ஏறும். கழுவும்போது சுடுதண்ணீர் வேண்டாம், தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம், உடம்பு சில்லிட்டால் நடுக்கம் கூடும். வலிப்பே வந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேராகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதற்கென்று முறிமருந்து கிடையாது. நடுக்கத்துக்கு மெத்தோகார்பமால், வலிப்புக்கு டயசிபாம் போன்றவை, சலைன், தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாகக் கொழுப்புக் கரைசல் என்று உடம்பு மருந்தை வெளியேற்றும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நேரத்தோடு போனால் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று நாளில் தேறிவிடுகின்றன. புதுச்சேரியிலோ பக்கத்திலோ இருப்பவர்கள் குருமாம்பேட்டில் அரசின் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதை நினைவில் வையுங்கள். இரவில் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து நம்பரை போனில் போட்டு வையுங்கள்.

சரி, தெள்ளுக்கு என்னதான் செய்வது? முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள். பல் நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள், செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். பூனைக்கென்றே ஃபிப்ரோனில் சொட்டு மருந்து இருக்கிறது, ஒரு குழாயில் அரை மில்லி. செலாமெக்டினும் இருக்கிறது. இவற்றையும் எடையும் வயதும் சொல்லி மருத்துவரிடம் கேட்டே போடுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைவான குட்டிக்குச் சீப்பும் சோப் தண்ணீரும்தான், ஆனால் ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்கக் கூடாது, தெள்ளு ரத்தம் குடித்தே குட்டிகள் செத்துப்போகும். இயற்கை வழி என்று டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், பினாயில் எதையும் பூனை மேல் தடவாதீர்கள், அவையும் அதற்கு விஷம்.

பூனையை மட்டும் பார்த்தால் தெள்ளு போகாது. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாய், சோபா இடுக்கு, திண்ணை மண்ணில்தான் கிடக்கின்றன, அதிலும் ஐப்பசி மழைக்குப் பிறகு நம் கடலோர ஈரத்தில் பெருகித் தள்ளும். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள், தரையைத் தினம் பெருக்கிக் குப்பையை வெளியே கொட்டுங்கள்.

அப்புறம் உங்கள் நாய். அதற்குப் பெர்மெத்ரின் சொட்டு போட்டால் பூனையை மூன்று நாளாவது தனி அறையில் வையுங்கள், நாயை நக்கியோ அதோடு ஒட்டிப் படுத்தோ விஷமேறிய பூனைகளும் உண்டு. இரண்டும் ஒரே பாயில் படுக்கும் வீடு என்றால், நாய்க்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, அஃபோக்ஸோலேனர், ஃப்ளூரலேனர் போல வாயால் கொடுக்கும் மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரோமத்தில் எதுவும் ஒட்டியிருக்காது, பூனை பக்கத்தில் படுத்தாலும் பயமில்லை.