எச்.ஐ.வி. இருந்தால் உடம்பில் என்ன அறிகுறி தெரியும்?

ஒரு மாதத்துக்கு முன்னால் ஆணுறை இல்லாமல் உறவு நடந்தது, இப்போது நான்கு நாளாகக் காய்ச்சலும் தொண்டை வலியும், இது எச்.ஐ.வி.தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது.

அறிகுறியே கிடையாதா என்றால், உண்டு. கிருமி உள்ளே போன 2 முதல் 4 வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுவது, தோலில் தடிப்பு எல்லாம் வரும். கொஞ்ச நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் சாதாரண ஃப்ளூவிலும் டெங்குவிலும் இதே தொந்தரவுகள்தான். சிலருக்கு இதுகூட வராது. அப்புறம் பத்து வருடம்வரைகூட ஒன்றுமே தெரியாமல் ஓடலாம். ஆள் நன்றாகச் சாப்பிடுவார், வேலைக்குப் போவார். உள்ளே எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும், அவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றும். எடை மளமளவென்று குறைவது, மாதக் கணக்கில் நிற்காத பேதி, வாயில் வெள்ளை படிவது, காசநோய் இதெல்லாம் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி நன்றாகச் சரிந்த பிறகு வருபவை.

இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் தெரியவந்ததும் பரிசோதனையால்தான். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூரில் பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள்.

எங்களிடம் சிலர் போனில் நாக்கைப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள். “மேடம், இந்த வெள்ளையைப் பாருங்கள்” என்று பெரிதாக்கிக் காட்டுவார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ரிசல்ட் நெகட்டிவ்தான். இன்னொரு பக்கம், கர்ப்பப் பதிவுக்கு வந்த இடத்தில் எடுத்த வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்தது. அவள் சம்மதத்தோடு கணவரையும் வரச் சொன்னோம். “எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே மேடம்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கும் பாசிட்டிவ். அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பிள்ளைக்கும் வருமா அக்கா?” மருந்தே எடுக்காவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வாய்ப்பு உண்டு, ஒழுங்காக எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். உடனே மாத்திரை ஆரம்பித்தாள். பிள்ளைக்குப் பதினெட்டாம் மாதம் செய்த கடைசிப் பரிசோதனையும் நெகட்டிவ். அந்த ரத்தப் பரிசோதனை மட்டும் நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நம்பிக்கை மையம் எங்கே என்று கேளுங்கள். சொந்த ஊரில் தயக்கமாக இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். முதலில் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள், உங்கள் சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள். முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டினால் வேறு இரண்டு வகைக் கிட்டில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ரிசல்ட் சொல்வார்கள். அதை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 1097க்கு அடியுங்கள், கட்டணம் இல்லை.

ஒரு மாதத்தில் நெகட்டிவ் வந்தால் பாதி நிம்மதிதான். பரிசோதனையில் பார்ப்பது, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது ரத்தத்தில் தெரியும் அளவுக்கு உருவாகச் சிலருக்கு 3 மாதம்வரை ஆகும். அதனால் 3 மாதம் முடிந்ததும் இன்னொரு முறை கட்டாயம் பாருங்கள். அதுவரை மனைவியோ துணையோ யாராக இருந்தாலும் ஆணுறை வேண்டும். (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நேற்றோ முந்தாநாளோ இப்படி நடந்திருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்க நல்லது.)

பாசிட்டிவ் வந்தாலும் உடைந்துவிடாதீர்கள். 2004லிருந்து, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. ஆரம்பத்திலேயே கொடுத்த இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. சீக்கிரம் கண்டுபிடித்து ஆரம்பித்தவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகி, பேரன் பேத்தி பார்க்கிறார்கள்.

இன்னொன்று. ரத்த தானம் கொடுத்தால் சும்மாவே டெஸ்ட் பண்ணிவிடுவார்களே என்று நினைத்து ரத்த வங்கிக்குப் போய்விடாதீர்கள். கிருமி இருந்தும் பரிசோதனையில் தெரியாத நாட்களாக இது இருந்தால், அந்த ரத்தம் ஏதோ ஒரு வார்டில் படுத்திருப்பவருக்கு ஏறிவிடும். நம்பிக்கை மையத்துக்கே போங்கள்.