ஓட்டம் எங்கே அறுகிறது? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டக் கணக்கும் மில் கணக்கும் பார்க்கிறவர்கள், கணினி நிரல் படிக்கிற பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு வரிசையில் ஒரே மதிப்பு விடாமல் அடுத்தடுத்து வரும் துண்டை ‘ஓட்டம்’ என்று சொல்கிறேன். வழியைத்தான் சொல்வேன். தட்டச்சு உங்கள் வேலை.

லயத்துப் பையன்: அண்ணே, பட்டியலில் ஓட்டங்களைப் பிரிக்க ஆகச் சுலபமான வழி எது? பைத்தான் மட்டும்தான் தெரியும்.

பைத்தானின் இட்டர்டூல்ஸ் நூலகத்தில் குரூப்பை (groupby) என்று ஒரு செயற்கூறு இருக்கிறது தம்பி, ஆனால் முதலில் ஒருமுறை கையால் எழுதிப் பழகுங்கள். ‘தொடக்கம்’ என்று ஒரு மாறி, அதன் மதிப்பு 0. ‘இடம்’ என்று இன்னொன்று, 1இலிருந்து நகரும். இடத்தில் உள்ள மதிப்பு தொடக்கத்தில் உள்ள மதிப்போடு ஒத்துப்போகும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம். மாறியதும் மதிப்பு, தொடக்கம், நீளம் (இடம் கழித்தல் தொடக்கம்) மூன்றையும் எழுதிவிட்டு, தொடக்கத்தை இடத்துக்கு நகர்த்துங்கள்.

எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. மழை அளவு 4, 0, 0, 12, 0, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்று பூஜ்யத்துக்குப் பிறகு மதிப்பு மாறுவதே இல்லை, பட்டியல்தான் முடிகிறது. மாறும்போது மட்டும் எழுதுகிற நிரல் அந்த ஓட்டத்தை விழுங்கிவிட்டு, நீண்ட வறட்சி 2 நாள் என்று சொல்லும். சரியான விடை 3. ஆகவே ‘இடம்’ பட்டியலின் நீளம் வரைக்கும், அதாவது கடைசி உறுப்பையும் தாண்டி ஒரு படி, போகட்டும். ‘பட்டியல் முடிந்தது அல்லது மதிப்பு மாறியது’ என்று ஒரே நிபந்தனை வையுங்கள். முடிந்ததா என்பதை முதலில் கேளுங்கள். வரிசையை மாற்றினால் இல்லாத உறுப்பைத் தொட்டுப் பிழை வரும். காலிப் பட்டியலுக்குத் தொடக்கத்திலேயே திரும்பிவிடுங்கள்.

குரூப்பைக்கு வந்தால், அது அடுத்தடுத்து இருப்பதை மட்டும்தான் சேர்க்கும். யூனிக்ஸின் யூனிக் கட்டளையும் அப்படித்தான். ‘முதலில் வரிசைப்படுத்து’ என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள். அது மொத்தம் எண்ணுவதற்கு உள்ள யோசனை. ஓட்டம் தேடும்போது வரிசைப்படுத்தினால் தேடுவதே அழிந்துபோகும். குரூப்பை தருகிற குழுவை அப்போதே பட்டியலாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த குழுவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் முந்தியது காலியாக இருக்கும்.

மழைமானி: எக்செல் போதும் எனக்கு. மழை இல்லாத நாட்கள் தொடர்ந்து எத்தனை என்று வேண்டும்.

பி நெடுவரிசையில் மழை, சி நெடுவரிசையில் எண்ணிக்கை. மழை எல்லைக்குக் கீழே இருந்தால் மேல் கட்டத்தோடு 1 கூட்டு, இல்லாவிட்டால் 0. பிறகு சி நெடுவரிசையின் மேக்ஸ் (ஆகப் பெரிய எண்). முதல் வரியில் தலைப்பு எழுத்தாக இருப்பதால் அதோடு 1 கூட்டினால் பிழை வரும். மேல் கட்டத்தை எக்செலின் N செயற்கூற்றுக்குள் போடுங்கள், எழுத்து பூஜ்யமாகிவிடும்.

எல்லை எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து 15 நாள், எந்த நாளும் 0.01 அங்குலத்தைத் தொடவில்லையென்றால் முழு வறட்சி என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.25.

ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்: வெற்றுக் கட்டம் பூஜ்யம் அல்ல. வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் எக்செல் ‘சமம்’ என்றே சொல்லும். மழைமானி பார்க்க ஆள் வராத தீபாவளி விடுமுறை, உங்கள் கணக்கில் வறட்சியாக நிற்கும். வெற்றா என்பதை முதலில் சோதித்து, அங்கே ஓட்டத்தை அறுத்துவிடுங்கள்.

நம்பர் பிரியர்: நாலு நம்பர் லாட்டரியில் தொடர்ந்து 6 தடவை ஒற்றைப்படை வந்திருக்கிறது. அடுத்து இரட்டைதானே?

இல்லை. நாணயத்தை 200 தடவை சுண்டினாலே 7 நீளத்துக்கு ஓட்டம் வருவது சகஜம். அடுத்தது எப்போதும் போல் பாதிக்குப் பாதி.

செக்ரோல் (வருகைப் பதிவேடு) கிராணி: ஒரு தொழிலாளி வெள்ளி, சனி வரவில்லை. ஞாயிறு ஓய்வு. திங்களும் வரவில்லை. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் முந்திய வரியோடு ஒப்பிட்டு, மாறும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஓட்ட எண் போட்டேன். 2, 1 என்று இரண்டு ஓட்டம் வருகிறது. சரியா?

முறை சரி, விடை தவறு. போகிற போக்கில் ஒன்று பாருங்கள்: ஆட்களைப் பிரிக்காமல் முழு அட்டவணையையும் ஒரு வரி நகர்த்தியிருந்தால், ஒருவரின் கடைசி நாளும் அடுத்தவரின் முதல் நாளும் ஒட்டிக்கொள்ளும்.

ஈப்போ ரோடு: ஏன் தவறு? ஞாயிறு வேறு குறியீடு. குறியீடு மாறினால் ஓட்டம் முடிந்தது. நீங்களே மேலே அப்படித்தான் சொன்னீர்கள்.

அது வெறும் வரிசைக்கு. இங்கே கேள்வியே வேறு. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15(2), முன் அனுமதி இல்லாமல் ‘தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல்’ வராதவர் வேலை ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது. வேலை நாள் என்கிற சொல்லைக் கவனியுங்கள். ஞாயிறு ஓட்டத்தை அறுக்காது, கணக்கிலேயே சேராது. இந்த ஆளுக்கு 3.

ஈப்போ ரோடு: அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கிவிட்டு ஓட்டம் தேடலாமே. ஒரே வரி.

கெடாவில் அரசு அலுவலக வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூர் 2014இல் அதற்கு மாறி, 2025 ஜனவரி 1இல் பழையபடி சனி ஞாயிறுக்குத் திரும்பியது. தோட்டத்தின் ஓய்வு நாள் எதுவோ அதுதான் கணக்கு. மாநில விடுமுறைகள் வேறு. ‘ஞாயிறு’ என்று நிரலுக்குள் எழுதினால் அடுத்த தோட்டத்தில் அது பொய்யாகிவிடும். நாட்காட்டிக்குத் தனி அட்டவணை வேண்டும்.

பால்வெட்டு: மழையால் ரப்பர் பால் வெட்டு இல்லாத நாள்? அது வேலை நாளா, ஓய்வு நாளா?

செக்ரோல் கிராணி: பெரட்டுக்கு (காலைப் பெயர் அழைப்புக்கு) வந்தவருக்கு அது வேலை நாள்தான்.

ஈப்போ ரோடு: வராதவருக்கு?

மூன்று பேரும் நிரலிடம் கேட்கிறீர்கள், நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதை. அந்த நாளுக்கு நாட்காட்டியில் என்ன குறி என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நிரல் அந்தக் குறியைப் படிக்கும், அவ்வளவுதான்.

செய்முறை இதோ. நாட்காட்டியில் வேலை நாட்களுக்கு மட்டும் எண் கொடுங்கள். 2025 ஆகஸ்ட் 1 வெள்ளிக்கு 1 என்றால் ஆகஸ்ட் 8 வெள்ளிக்கு 7, 9 சனிக்கு 8, 11 திங்களுக்கு 9. ஞாயிற்றுக்கு எண் கிடையாது. இப்போது அந்த ஆள் வராத வரிகளை மட்டும் எடுத்து, தேதிப்படி 1, 2, 3 என்று எண்ணுங்கள். நாள் எண்ணிலிருந்து வரி எண்ணைக் கழித்தால் 6, 6, 6. கழித்த விடை ஒன்றாக இருப்பவையெல்லாம் ஒரே ஓட்டம். வெறும் தேதியை வைத்துக் கழித்தால் 7, 7, 8 வரும். கிராணி ஐயாவுக்கு 2, 1 வந்தது அதே காரணத்தால்தான். இடையில் மருத்துவ விடுப்பு இருந்தால் அந்த நாளுக்கு எண் உண்டு, வராத வரி இல்லை. விடை மாறி ஓட்டம் தானாக அறும். தனி நிபந்தனை வேண்டாம்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் வரி எண் கொடுக்க ரோ நம்பர் (ROW_NUMBER) போதும், ஆளை வைத்துப் பிரித்து. மைஎஸ்க்யூஎல் என்றால் 8.0க்கு முந்தியதில் அது இல்லை.

இன்னொன்று: வரும் பெயர்ப் பட்டியலை ‘பார்க்க வேண்டியவர்கள்’ என்று மட்டும் தலைப்பிடுங்கள். தக்க காரணம் இருந்து, அதைத் தெரிவித்தவருக்கும் தெரிவிக்க முயன்றவருக்கும் அதே பிரிவு விலக்கு தருகிறது. அது உங்கள் அட்டவணையில் இல்லை.

மாணவி: அண்ணே, என் நிரலில் கடைசி ஓட்டம் மட்டும் வரவில்லை.

முதல் பதில், இரண்டாம் பத்தி.

மில் பக்கம்: வெப்பமானி உறைந்துபோனால் ஒரே அளவு காட்டும். கண்டுபிடிக்க ஓட்டம் தேடுகிறேன், 0.1 டிகிரி ஏற்ற இறக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பக்கத்து அளவோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் 0.1 ஏறினால் 50 படியில் 5 டிகிரி ஏறியிருக்கும், நிரலோ ‘அசையவில்லை’ என்று சொல்லும். ஓட்டத்தின் முதல் அளவோடு ஒப்பிடுங்கள். தசமத்தை அப்படியே ஒப்பிடவும் வேண்டாம், கணினிக்கு 0.1ம் 0.2ம் சேர்ந்தால் சரியாக 0.3 ஆகாது. பத்தால் பெருக்கி, முழு எண்ணாக்கி வையுங்கள். அளவு வராத இடங்களையும் பாருங்கள்: ‘எண் அல்ல’ (NaN) என்ற மதிப்பு தனக்கே சமமில்லை. ஆர் மொழியில் ஓட்டங்களை எண்ணும் ஆர்எல்இ (rle) செயற்கூறும் விடுபட்ட ஒவ்வொன்றையும் தனித்தனி ஓட்டமாகவே தரும்.

குட்டித் தம்பி: ‘ஹாஹாஹா’வில் ஓட்டம் 3 வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

கணினிக்கு அது ஹ, கால், ஹ, கால், ஹ, கால். அடுத்தடுத்து எதுவும் ஒன்றல்ல. முதலில் எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள், ஓப்பன் தமிழ் நூலகத்தில் அதற்குச் செயற்கூறு இருக்கிறது.

இன்னொருவர்: கடைசி ஓட்டம் விடுபடுகிறது, உதவுங்கள்.

மேலே.

தட்டச்சாளர்: செக்ரோல் அச்சாகும்போது ஓரம் வெட்டுப்படுகிறது.

அச்சுப்பொறி கடையில் கேளுங்கள்.

செக்ரோல் கிராணி: நாள் எண் முறை வேலை செய்கிறது. ஆனால் ஒருவர் ஜூலை 31, ஆகஸ்ட் 1, 2 வரவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மாதத்துக்கு ஒரு கோப்பாக ஓட்டுகிறீர்கள். ஜூலையில் 1, ஆகஸ்டில் 2, இரண்டும் எல்லையைத் தாண்டவில்லை. ஆகஸ்ட் 1க்கு 1 என்று நான் கொடுத்தது கழித்துக் காட்டுவதற்காக. உங்கள் நாட்காட்டியில் எண் மாதாமாதம் புதிதாகத் தொடங்கக் கூடாது, ஆண்டு மாறினாலும் தொடரட்டும். முந்திய மாதக் கோப்பையும் சேர்த்து ஓட்டுங்கள், வந்துவிடுவார்.