‘செ’ வந்தாலே ‘தன்னை’ என்று அர்த்தமா?

கேள்வி: ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘செ’ எங்கே வந்தாலும் ‘தன்னை’ என்று போடச் சொல்கிறார் ஆசிரியர். ‘செ பெந்தெ பீசோ’ என்ற பலகைக்கு ‘பிளாட் தன்னை விற்கிறது’ என்று எழுதினேன். தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று புரியவில்லை. ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான டெலே தேர்வில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு நெருங்குகிறது.

பதில்: தப்பு உங்களுடையது அல்ல, சொல்லிக்கொடுத்த முறையுடையது. ‘மெ, தெ, செ, நோஸ், ஓஸ், செ’ என்று வாய்ப்பாடாக ஒப்பிக்கவைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் யாருக்குத்தான் புரியும்?

‘செ’யைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: செய்தவர் யார்? செய்தவரும் அதை ஏற்பவரும் ஒருவரே என்றால் தமிழில் ‘கொள்’ வரும். ‘மெ லாபோ லாஸ் மானோஸ்’: கை கழுவிக்கொள்கிறேன் (செய்தவர் ‘நான்’ என்பதால் ‘செ’ இங்கே ‘மெ’ ஆகிறது). செய்தவர் யார் என்ற பேச்சே இல்லையென்றால் தமிழிலும் ஆளை விட்டுவிடுங்கள். உங்கள் பலகை ‘பிளாட் விற்பனைக்கு’, அவ்வளவுதான். ‘அக்கீ செ பீபெ பியென்’ என்றால் இங்கே நன்றாக வாழலாம். யார் வாழலாம்? யார் வேண்டுமானாலும்.

விற்கும் பிளாட் பல என்றால் வினையும் பன்மை: ‘செ பெந்தென் பீசோஸ்’. இங்கேதான் பி1 மாணவர்கள் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மதுக்கடைக் கதவில் ‘செ புஸ்கான் கமரேரோஸ்’ என்று ஒட்டியிருக்கும்: பரிமாற ஆட்கள் தேவை. யாராக இருந்தாலும் சரி, ஆட்கள் பலர், வினையும் பன்மை. ஆனால் ஒரு விபத்தை நேரில் பார்த்த குறிப்பிட்ட சாட்சிகளைத் தேடும்போது ‘செ புஸ்கா அ லோஸ் தெஸ்தீகோஸ்’. சாட்சிகள் பலர்தான், வினை மட்டும் ஒருமை. காரணம் நடுவில் நிற்கும் அந்தச் சின்ன ‘அ’. நம் ‘ஐ’ வேற்றுமை மாதிரி அது சாட்சிகளைச் செயப்படுபொருளாக்கிவிடுகிறது. எழுவாய் போய்விட்டதால் வினை ஒத்துப்போக ஆளில்லை, ஒருமையிலேயே நின்றுவிடுகிறது. குறிப்பிட்ட மனிதர்கள், முன்னால் ‘அ’, வினை ஒருமை. இதை மட்டும் நோட்டில் பெரிதாக எழுதிவையுங்கள்.

அப்புறம், ‘செ மெ கயோ எல் பாஸோ’. இதைப் பாடப்புத்தகங்கள் பெரிய புதிராக்குகின்றன. ‘டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது’ என்று நாம் சொல்வதுதான் இது. ‘நான் போட்டேன்’ என்று சொல்லாமல் தப்பிக்கிறோம் இல்லையா, அதே தான். விழுந்தது டம்ளர் என்பதால் வினை டம்ளரோடு போகும். டம்ளர்கள் பல என்றால் ‘செ மெ கயேரோன்’.

தேர்வு என்றதும் ஒரு எச்சரிக்கை. டெலே சான்றிதழைத் தருவது ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்திதுதோ செர்வாந்தெஸ் மட்டுமே. பயிற்சி மையம் எதுவும் ‘டெலே சான்றிதழ் உறுதி’ என்று விற்க முடியாது. அதற்குக் காலாவதியும் கிடையாது. புதுப்பிக்கக் கட்டணம் என்று யாராவது கேட்டால் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழைக் காட்டிப் பணம் பறிப்பவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. ‘செ’யை ஒழுங்காகச் சொல்லித்தர இவர்களில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

இன்று பத்துப் பலகை வாசகங்களை எடுத்து, ‘செய்தவர் யார்?’ என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பதில் கிடைக்காத இடத்தில் ‘தன்னை’யை அடித்துவிடுங்கள்.