காட்டுச் சாம்பல் உரமாகுமா?

அன்புள்ள ஐயா,

அஞ்செட்டி பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மாசி, பங்குனியில் காட்டுக்குத் தீ வைத்தால் கோடை மழைக்குப் புல் நன்றாக வரும், சாம்பல் மண்ணுக்கு உரம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வனத்துறை கூடாது என்கிறது. காட்டு மண்ணை ஆராய்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? அந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தீக்குப் பிறகு முளைக்கும் புல் இளசாக இருக்கும், மாடு விரும்பித் தின்னும். சருகில் இருந்த சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சட்டென்று மண்ணுக்குக் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அதே தீயில் சருகின் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. வயலுக்கு யூரியா போடுகிறோம், காட்டுக்கு யார் போடுவது? மிஞ்சிய சாம்பலும் உங்கள் மேலகிரி மலைச் சரிவில் நிற்காது. சருகு மூடாத மண்ணில் கோடை மழை அடித்தால் மண்ணும் சாம்பலும் சேர்ந்தே பள்ளத்தில் இறங்கும்.

எப்போதோ ஒருமுறை என்றால் காடு தாங்கிக்கொள்ளும். உசிலும் புங்கனும் காற்றில் இருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் பிடித்துச் சேர்க்கின்றன. வருடா வருடம் எரித்தால் அந்த மரங்களின் கன்றுகளே கருகிவிடும். உண்ணிச்செடியோ எரிந்த தூரிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். மேய்ச்சலுக்கென்று வைத்த தீ கடைசியில் மேய்ச்சலையே கெடுக்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

ஆராய்ச்சி பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்று ஒரு காடு இருக்கிறது. அங்கே 1963 முதல் சிறு ஓடைகளின் தண்ணீரில் உள்ள சத்துகளை விடாமல் அளந்து வருகிறார்கள். மழையோடு என்ன உள்ளே வருகிறது, ஓடையோடு என்ன வெளியே போகிறது என்ற கணக்கு அது. 1965 குளிர்காலத்தில் ஒரு ஓடைக்கு நீர் தரும் சரிவு முழுவதும் மரங்களை வெட்டினார்கள். வெட்டிய மரத்தை வெளியே எடுக்கவில்லை, பாதையும் போடவில்லை. அடுத்த சில கோடைகளில் எதுவும் முளைக்காதபடி களைக்கொல்லி அடித்தார்கள். ஓடையில் நைட்ரேட், அதாவது தண்ணீரில் கரைந்து போகும் தழைச்சத்து, பல பத்து மடங்கு ஏறி, குடிநீருக்கான வரம்பையே தாண்டியது. மண்ணில் நுண்ணுயிர்கள் முன்பைவிட வேகமாக நைட்ரேட்டை உண்டாக்கின, அதை உறிஞ்ச உயிருள்ள வேரும் இல்லை. நைட்ரேட் போகும்போது சுண்ணாம்புச் சத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அது மறுபடி சேர வேண்டுமானால் பாறை கரைய வேண்டும், அதற்கு மனித ஆயுள் போதாது.

அது குளிர்நாட்டுக் காடு, நம்முடையது வறண்ட இலையுதிர் காடு. எண்கள் இங்கே அப்படியே பொருந்தாது, ஆனால் சத்து நகரும் விதம் ஒன்றுதான். தழை வெட்டுவதையும் இதை வைத்தே யோசிக்கலாம். மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சைத் தழையாக ஒடித்தால் அந்தப் பாதியும் நம்மோடு வந்துவிடும். மரம் வெட்ட அனுமதி உள்ள இடத்திலும் பட்டையையும் சிறு கிளைகளையும் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி.

பாறை தண்ணீருக்கு என்ன கொடுக்கிறது என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. ஃபுளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். கிணற்றை அளந்த நாம் காட்டு ஓடைகளையும் அளக்க வேண்டும், ஒரு வருடத்தோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து.

நீங்களே ஒன்று தொடங்கலாம். ரேஞ்சர் அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கி, எரிந்த சரிவிலும் எரியாத சரிவிலும் மேல்மண் எடுத்து வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒருமுறை. முதல் சோதனையில் எரிந்த மண்ணில் சாம்பல் சத்து கூடுதலாகவே தெரியும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது சோதனையின் முடிவு அட்டையையும் பெரியவர்களிடம் காட்டிப் பேசுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.