பழைய ‘பிளாக் பெல்ட்’ இதழ்களை எப்படி வாசிப்பது?

வணக்கம் சார்,

கராத்தே வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் ‘பிளாக் பெல்ட்’ இதழின் 1960, 70களின் பிரதிகளைத் தேடி வாசித்துவருகிறேன். வரலாற்று ஆதாரமாக அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? படங்களைப் பார்த்து அடவுகளைக் கற்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லாஸ் ஏஞ்சலஸில் மிட்டோ உயெஹாரா 1961இல் தொடங்கிய இதழ் அது. ஜூடோ, கராத்தே, அய்கிடோ, கெண்டோ, பிறகு கொரிய, சீனக் கலைகள் என்று ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காத தற்காப்புக் கலைப் பள்ளிகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது அதன் பெரிய கொடை என்பேன். 1971 செப்டம்பர் இதழில், மரபான கராத்தேயிலிருந்து விடுபடச் சொல்லும் புரூஸ் லீயின் கட்டுரை வந்தது. அந்த மரபைப் பயின்றவர்களையே வாசகர்களாகக் கொண்ட இதழ் அதை வெளியிட்டதற்குத் துணிச்சல் வேண்டும். 1973இல் அவர் இறந்தபின், அவருடைய குறிப்புகள் 1975இல் நூலாக வந்ததும் உயெஹாராவின் ஓஹாரா பதிப்பகத்திலேயே.

நம்பகத்தன்மைக்கு வருவோம். போட்டி முடிவுகளை ஓரளவு நம்பலாம். ஆசான்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் டான் பட்டங்களையும் (கறுப்புப் பட்டையின் படிநிலைகள்) அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ஆசானோ மாணவரோ சொன்னதுதான் அச்சேறும். யாருக்கு யார் பட்டம் கொடுத்தார் என்று கடல் கடந்து விசாரிப்பது அன்று எளிதல்ல. எனக்குக் கட்டுரைகளைவிட விளம்பரங்கள் முக்கியம். ஒரே பள்ளியின் விளம்பரத்தை வருடவாரியாக அடுக்கிப் பாருங்கள். முகவரி, பாணியின் பெயர், ஆசானின் டான் எல்லாம் எப்போது மாறின என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அமெரிக்க மாத இதழ்கள் அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். அட்டைத் தேதியை நிகழ்ச்சி நடந்த தேதியாக எழுதிவிடாதீர்கள்.

படங்கள்தான் சிக்கலான பகுதி. முதலில், படம் இடவலம் புரண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆள் பக்கத்தின் உட்புறம் பார்த்து நிற்கவேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் நெகட்டிவைத் திருப்பிப் போடுவதுண்டு. கராத்தே உடையில் அணிபவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வரும். நம்மைப் பார்த்து நிற்பவரிடம் அந்த மேல் விளிம்பு, நம் பார்வையில், வலது மேலிருந்து இடது கீழாக இறங்கவேண்டும். மாறி இறங்கினால் படம் புரண்டிருக்கிறது. வலது கால் இடது காலாகத் தெரியும். படத்துக்கும் கீழே உள்ள வரிக்கும் முரண் வருவது பல சமயம் இதனால்தான். நடுவில் பொத்தான் வைத்த சீனச் சட்டைக்கு இந்தச் சோதனை உதவாது. பின்னால் எழுத்துப் பலகை இருந்தால் அதைப் பாருங்கள்.

அடுத்தது, படங்களுக்கு நடுவே விட்டுப்போனது. முதல் படத்தில் நிலை, இரண்டாவதில் தடுப்பு முடிந்துவிட்டது, மூன்றாவதில் எதிரடி. உடல் எடை எந்தக் காலுக்கு எப்போது மாறியது என்பது எங்கும் இல்லை. எதிராளி நீட்டிய முஷ்டியை மூன்று படத்திலும் அப்படியே வைத்திருப்பார். உண்மையில் அது உடனே திரும்பிவிடும். போதாக்குறைக்குக் கேமரா பக்கவாட்டில் இருப்பதால், அதை நோக்கி எடுத்துவைத்த அடி நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். பாதம் முந்தைய படத்தைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருந்தால் ஆள் கேமரா பக்கம் நகர்ந்திருக்கிறார்.

பயிற்சிக்குத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒவ்வொரு படத்தின் பாதங்களையும் வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நகருங்கள். இடையில் கூடுதலாக ஓர் அடி தேவைப்பட்டால் அங்கே ஒரு படம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அடிப்படை நிலைகள் கைவந்தவருக்கு இப்படிக் குத்து, தடுப்பு வரிசைகள் பிடிபடும். மணிக்கட்டு, முழங்கைப் பூட்டுகளையும் எறிதல்களையும் மட்டும் படம் பார்த்துச் செய்யவேண்டாம். எந்த இடத்தில் அழுத்தத்தை நிறுத்துவது என்பது படத்தில் இருக்காது, விழத் தெரியாத கூட்டாளிக்குத் தோள்பட்டை போய்விடும். அதற்கு ஆசான் பக்கத்தில் நிற்கவேண்டும்.