பின்னாலிருந்து தள்ளும் ட்ரெய்லர்

கேள்வி: பிக்கப் வண்டியில் டிராவல் ட்ரெய்லர் (தங்கிச் செல்லும் வீட்டு வண்டி) இழுக்கிறேன். பிரேக் போட்டால் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருக்கிறது. ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரில் கெயினை (பிரேக்குக்குப் போகும் கரண்டின் அளவை) கூட்டினால், மெதுவாகப் போகும்போது வெடுக்கென்று பிடிக்கிறது. நண்பர் கெயினை 6-இல் வைத்திருக்கிறார். நானும் 6 வைக்கலாமா?

பதில்: நண்பரின் 6 அவருடைய ட்ரெய்லருக்கு. உங்கள் எடை வேறு, பிரேக் வேறு.

முதலில் ட்ரெய்லர் சக்கரங்களைப் பாருங்கள். மின்சார பிரேக்கில் டிரம்முக்குள் இருக்கும் காந்தம், சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு ஒரு லீவரைத் திருப்ப, அதுதான் ஷூவை விரிக்கிறது. ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் பிடிமானம் சரியாக வராது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, பின்புறத் தகட்டின் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பல்சக்கரத்தைத் திருகுங்கள். கையால் சுற்றவே கஷ்டமாகும்வரை இறுக்கி, அப்புறம் லேசான உரசலோடு சுற்றும்வரை தளர்த்துங்கள். தானாகவே சரிசெய்துகொள்ளும் வகை என்றால் இந்த வேலை மிச்சம்.

அடுத்து வயரிங். காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர், நாலு சக்கரத்துக்கு 12. மீட்டர் அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் பெரும்பாலும் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கும், இல்லை எங்கோ வயர் அறுந்திருக்கும்.

இதெல்லாம் சரி என்றால் கெயினுக்கு வாருங்கள். வழக்கமான சுமையோடு, ஆளில்லாத சமமான காய்ந்த சாலையில், நாலைந்து முறை பிரேக் பிடித்துச் சூடேற்றிவிட்டு, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கால் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் முழுக்க அழுத்துங்கள். ட்ரெய்லர் டயர் லாக் ஆகிக் கிறீச்சிட்டால் குறையுங்கள், இழுப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். லாக் ஆவதற்குச் சற்று முன்னால் நிற்கும் எண்தான் உங்களுடையது. சுமை மாறினாலும் மழை பெய்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த வெடுக்கு? பூஸ்ட் (பிரேக்கைத் தொட்டவுடனேயே கொடுக்கும் கூடுதல் பிடி) அதிகமாக இருக்கலாம். அல்லது உங்கள் கன்ட்ரோலர் நேரக் கணக்கில் கரண்டை ஏற்றும் பழைய வகையாக இருக்கும். நீங்கள் மெல்லத் தொட்டாலும் அழுத்தி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். வேகம் குறைவதை உணர்ந்து அதே அளவில் பிடிக்கும் வகைக்கு மாறினால் நிம்மதி, செலவு செய்யலாம் என்பேன்.

ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, அதே கை லீவரைத் தொடுங்கள். பிரேக்அவே பின்னின் (ட்ரெய்லர் கழன்றால் உருவப்பட்டு அதன் பிரேக்கைத் தானாகப் போடவைக்கும் ஊசியின்) கம்பியைக் கொக்கியிலோ சங்கிலியிலோ மாட்டாமல் பிக்கப்பின் உடம்பிலேயே தனியாக மாட்டுங்கள், கொக்கி கழன்றால் அது பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமே!