கேள்வி பதில்: அப்பாவின் பாதத்தில் ஒரு முட்டை

கேள்வி: பென்குயின் நாள் முழுக்க வெறுங்காலோடு பனியில் நிற்கிறதே, கால் உறைந்துவிடாதா? அப்பா பென்குயின்தான் அடைகாக்கும் என்கிறான் என் மகன். உண்மையா?

பதில்: மகன் சொல்வது உண்மைதான், ஆனால் எல்லாப் பென்குயினுக்கும் பொருந்தாது. பெரும்பாலான இனங்களில் இருவரும் முறை வைத்து அடைகாப்பார்கள். அப்பா மட்டுமே நின்று காப்பது அண்டார்டிகாவின் எம்பெரர் பென்குயின்.

முதலில் கால். பாதத்துக்கு இறங்கும் ரத்தக் குழாய்களும் அங்கிருந்து ஏறும் குழாய்களும் ஒட்டியே போகின்றன. இறங்கும் ரத்தம் வழியிலேயே தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். பாதமே குளிர்ந்து கிடப்பதால் பனி உறிஞ்சும் சூடும் சொற்பம். குளிர் மிஞ்சினால் விரல்களைத் தூக்கிக்கொண்டு, குதிகாலிலும் வாலிலும் சாய்ந்து நிற்கும்.

அப்புறம் அப்பா. மே, ஜூன் மாதங்களில், அங்கே குளிர்காலம் இறுகும்போது, தாய் ஒரே ஒரு முட்டை இடும். கூடு கிடையாது. முட்டையைத் தன் பாதத்திலிருந்து ஆணின் பாதத்துக்கு உருட்டிவிட வேண்டும். இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதைக்கும். சிறிது நேரம் பனியில் கிடந்தாலும் கரு போய்விடும். சில ஜோடிகள் இந்த இடத்திலேயே முட்டையை இழந்துவிடுகின்றன.

தாய் கடலுக்குப் போய்விடும். வயிற்றின் தோல் மடிப்பால் முட்டையை மூடி, தந்தை இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். பென்குயின்கள் கூட்டமாகக் கூடி முட்டையிடும் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 4 மாதப் பட்டினி. உடல் எடையில் 40 சதவீதம் வரை கரைந்துவிடும். மைனஸ் 40 டிகிரிக் குளிரில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும்போது கூட்டத்தின் நடுவே 37 டிகிரி வரை சூடு ஏறுகிறது. யாரும் நடுவிலேயே நின்றுவிடுவதில்லை. சில சென்டிமீட்டர் அடிகளாகக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

தாய் திரும்பும் முன்பே குஞ்சு பொரித்துவிட்டால்? பட்டினி கிடக்கும் அந்த உடம்பு தயிர் போன்ற ஒரு பாலை உணவுக்குழாயில் சுரந்து ஊட்டுகிறது! தாய் வந்ததும், ஆயிரக்கணக்கானோர் நடுவே குரலை வைத்தே ஜோடி ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்.

கேள்வி: துருவக் கரடி பென்குயினைத் தின்னுமா?

பதில்: சந்திக்கவே வழியில்லை. கரடி வடதுருவப் பகுதியில், பென்குயின்கள் ஏறக்குறைய எல்லாமே பூமியின் தென்பாதியில்.

கேள்வி: இவ்வளவு குளிரைத் தாங்கும் பறவைக்குப் பனி உருகினால் நல்லதுதானே?

பதில்: இல்லை, அங்கேதான் ஆபத்து. எம்பெரர் பென்குயின்கள் பெரும்பாலும் கடல்மேல் உறைந்த பனியில்தான் குஞ்சு வளர்க்கின்றன. குஞ்சின் மென்தூவி தண்ணீரில் நனைந்துவிடும். நீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகும். அதுவரை பனித்தளம் உடையக் கூடாது. 2022இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அது முன்கூட்டியே உடைந்தது. அப்பகுதியில் தெரிந்த 5 குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சும் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். செயற்கைக்கோள் படங்களில் எச்சக் கறையைப் பார்த்துத்தான் குடியிருப்புகளைக் கண்காணிக்கிறார்கள். எழுதும்போதே மனம் கனக்கிறது. 2016இல் அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் இப்படி நடந்த பிறகு, வளர்ந்த பறவைகள் பல அருகிலுள்ள டாசன்-லாம்ப்டன் பனியாற்றுப் பகுதிக்கு இடம் மாறி அங்கே முட்டையிடத் தொடங்கின.